இருபது பேர்கூட இல்லாத கில்டு ஒரு கோட்டை பிடிப்பது எப்படி

ரக்னராக் ஆன்லைன் என்ற ஆட்டத்தில் எங்கள் கில்டு, அதாவது ஒரே கொடியின் கீழ் சேர்ந்து ஆடும் கூட்டம், முதல் கோட்டையைப் பிடிக்கப் பதினோரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதில் முதல் எட்டு வாரம் என்ன செய்தோம் என்றால், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நடக்கும் கோட்டைப் போர் தொடங்கியவுடன் சர்வரிலேயே பெரிய கில்டு உட்கார்ந்திருக்கிற கோட்டைக்குள் மொத்தமாக நுழைவோம், வாசலிலேயே செத்து ஊரில் எழுவோம், மறுபடி ஓடுவோம், மறுபடி சாவோம், இரண்டு மணி நேரம் முடிந்ததும் “செம ஃபைட் மச்சி” என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு ஹெட்செட்டைக் கழற்றி வைப்போம். ஒன்பதாவது வாரம்தான் மண்டையில் ஏறியது. இந்த இரண்டு மணி நேரமும் கோட்டை யார் கையில் இருந்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நேரம் முடியும் நொடியில் யார் கையில் இருக்கிறதோ, கோட்டை அவர்களுக்கு.

பதினாறு, பதினெட்டு பேர் இருக்கிற கில்டு, எல்லாருக்கும் வேலை, காலேஜ், வீடு என்று ஏதாவது ஒன்று இருக்கிற கில்டு, அது கோட்டை பிடிக்கும் வழி இது. ஐம்பது பேரைத் திரட்டக் கூடியவர்கள் படிக்க வேண்டாம், உங்கள் தலைவலி வேறு.

தெரியாதவர்களுக்கு இரண்டே வரி: தென்கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-இல் வெளியிட்ட ஆட்டம், ஒரு கொரியன் காமிக்ஸிலிருந்து பிறந்தது, பார்க்க அனிமே மாதிரி இருக்கும், 3டி உலகத்தில் 2டி பொம்மைகள் ஓடும். இந்தியாவுக்கென்று தனி சர்வரே ஒரு காலத்தில் ஓடியது, பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்து ஆடியவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நாலு பேராவது இருப்பீர்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் க்ளாசிக் கணக்கு, அதாவது ஆட்டத்தின் கணக்குகளையே மாற்றிய ரினியூவல் என்ற அப்டேட்டுக்கு முந்தைய ஆட்டம். உங்கள் சர்வர் எதையாவது மாற்றி வைத்திருந்தால் அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டை என்றால் என்ன, எதை உடைக்க வேண்டும்

க்ளாசிக்கில் மொத்தம் 20 கோட்டைகள். ப்ரான்டேரா, கெஃபென், பயோன், ஆல்டிபாரன் ஆகிய நான்கு ஊர்களை ஒட்டி ஊருக்கு ஐந்து. ஒவ்வொரு கோட்டையின் கடைசி அறையிலும் எம்பீரியம் என்று ஒரு பெரிய மஞ்சள் படிகம் நிற்கும். போர் நேரத்தில் அதை யார் உடைக்கிறார்களோ அவர்கள் கில்டுக்குக் கோட்டை மாறும், மாறிய நொடியே ஜெயித்த கில்டைத் தவிர உள்ளே இருக்கும் மற்றவர்களை ஆட்டமே வெளியே தூக்கிப் போட்டுவிடும், அதே இடத்தில் புது எம்பீரியம் முழு உயிரோடு எழுந்து நிற்கும். இந்த “தூக்கிப் போடுவது”தான் சின்னக் கில்டின் ஒரே ஆயுதம். ஐம்பது பேர் கொண்ட படையை நாங்கள் ஜென்மத்துக்கும் அடித்து விரட்ட முடியாது, ஆனால் கல்லை உடைத்துவிட்டால் ஆட்டமே அவர்களை விரட்டிவிடும்.

முதலில் கில்டு ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எம்பீரியம் என்ற அதே பெயரில் ஒரு பொருள் கையில் வேண்டும், பெரும்பாலும் மற்ற ஆட்டக்காரர்களின் கடையில் வாங்குவதுதான். அது கையில் இருக்கும்போது ஸ்லாஷ் கில்டு என்று அடித்து, பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் கில்டு பிறக்கும், பொருள் போய்விடும். பெயரை நிதானமாக யோசியுங்கள். எங்கள் கில்டின் பெயர் தெருமுனை டீக்கடை என்று அர்த்தம் வரும்படி இருக்கிறது, ராத்திரி ஒன்றரை மணிக்கு வைத்தது. இப்போது மலேசியாக்காரர்கள் எல்லாம் “டீ ரெடியா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறார்கள்.

சின்னத்துக்கு 24-க்கு 24 பிக்சல் அளவில் ஒரு பிஎம்பி படம் போதும். படத்தில் அடர்ந்த மெஜந்தா நிறம் இருக்கும் இடமெல்லாம் ஆட்டத்தில் கண்ணாடி போல மறைந்துவிடும். எங்கள் சின்னம் ஒரு டீ டம்ளர். அந்த இத்தனூண்டு டம்ளர் கோட்டை வாசலில் கொடியாகத் தொங்குவதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

கில்டில் தொடக்கத்தில் 16 பேருக்குத்தான் இடம். கில்டு எக்ஸ்டென்ஷன் என்ற திறனில் புள்ளி போட்டால் இடம் கூடும். ஆனால் முதல் புள்ளியை அங்கே போடாதீர்கள். அஃபிஷியல் கில்டு அப்ரூவல் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் முதலில். அது இல்லாத கில்டு எம்பீரியத்தை எத்தனை அடி அடித்தாலும் ஒரு கீறல்கூட விழாது. அடுத்து எமர்ஜென்சி கால். தலைவர் அதைப் போட்டால், செத்து ஊரில் நிற்கிறவர்கள் உட்பட கில்டுக்காரர்கள் எல்லாரும் அவர் காலடியில் வந்து விழுவார்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் போட முடியும் என்பதால் அதை ஆத்திரத்தில் போடக் கூடாது, நான் போட்டிருக்கிறேன்.

கில்டு லெவல் ஏற உறுப்பினர்களின் அனுபவப் புள்ளியிலிருந்து வரி பிடிக்க வேண்டும். சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்கிற மாதிரி. தலைவர் ஒவ்வொரு பதவிக்கும் 50 சதவீதம் வரை வைக்கலாம், நாங்கள் லெவல் முடிந்த பழைய ஆட்களுக்கு அதிகமாகவும் புதுசாக வந்தவர்களுக்குப் பூஜ்யமாகவும் வைத்தோம். புதுப் பையனிடம் வரி பிடித்தால் அவன் இரண்டு வாரத்தில் ஓடிவிடுவான்.

யார் யார் வேண்டும்

கேட்டால் எல்லாரும் “நான் டேமேஜ் அண்ணா” என்பார்கள். வேண்டியது ப்ரீஸ்ட், அதாவது மற்றவர்களைச் சாகாமல் காப்பாற்றும் வகுப்பு. பதினாறு பேரில் நாலு ப்ரீஸ்டாவது இல்லை என்றால் போருக்கே போகாதீர்கள். எங்கள் மூத்த ப்ரீஸ்ட் நங்கநல்லூரில் இருக்கும் ஒரு அக்கா, பேங்க் வேலை, ஆட்டத்தில் பெயர் மெதுவடை. அவர் ஆன்லைனில் இருக்கிற வாரமும் இல்லாத வாரமும் இரண்டு வேறு கில்டு மாதிரி இருக்கும். விசார்ட் மூன்று பேர், ஸ்டார்ம் கஸ்ட் போட்டு வழியை உறைய வைக்க. சேஜ் ஒருவர் கட்டாயம், ஏனென்றால் எதிரி விசார்ட்கள் தரையில் போட்டு வைத்திருக்கும் மந்திரத்தை எல்லாம் அவருடைய லேண்ட் ப்ரொடெக்டர்தான் துடைத்து எடுக்கும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு நீலக் கல், ஒரு மஞ்சள் கல் செலவு. ஒரு பார்ட், ப்ராகி பாட்டுப் பாட, அதைக் கேட்டுக்கொண்டே போட்டால் மந்திரம் சீக்கிரம் வரும். முன்னால் அடி வாங்க நைட், க்ரூசேடர் என்று மூன்று பேர். உடைக்க மூன்று பேர். வேவு பார்க்க ஒருவர். மிச்சம் இருப்பவர்கள் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

தலைவர் சீக்கிரம் சாகாத கேரக்டர் வைத்திருக்க வேண்டும், எமர்ஜென்சி கால் போடும் ஆள் அவர்தான். நான் முன்பு விசார்ட் ஆடிக்கொண்டிருந்தேன். உள்ளே போய் மூன்றாவது விநாடியில் சாகும் தலைவரால் கில்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அக்கா நேரடியாகவே சொன்னார். க்ரூசேடருக்கு மாறினேன்.

கில்டுக்குள் சேர்ந்து இயங்கும் சின்னக் குழுவுக்குப் பார்ட்டி என்று பெயர், அதற்கு 12 பேர்தான் வரம்பு, ஆக இரண்டு பார்ட்டி. ப்ரீஸ்ட்களையும் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். எல்லாப் ப்ரீஸ்டும் நண்பர்கள், எல்லாரும் ஒரே பார்ட்டியில் இருக்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள்.

சாமான் விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். எல்லாரும் கேட்பது எந்த வாள், எந்தக் கவசம் என்றுதான், ஆனால் முதல் கோட்டைக்கு மூன்று கார்டு (சாமானில் செருகிச் சக்தி கூட்டும் சீட்டு) போதும்: கேடயத்தில் தாரா ஃப்ராக் (மற்ற ஆட்டக்காரர்கள் அடிப்பதில் 30 சதவீதம் குறைக்கும்), மேலங்கியில் ரெய்ட்ரிக் (சாதாரண அடியில் 20 சதவீதம்), கவசத்தில் மார்க் (உறைய விடாது). மூன்றும் வாங்க முடியாதவர்கள் மார்க் கார்டையாவது முதலில் வாங்குங்கள். உறைந்து நிற்கிற ஆள் மேல் இடி விழுந்தால் அடி கூடுதலாக விழும், அப்படி வாசலில் ஐஸ்கட்டியாக நின்று செத்தவர்களை எண்ணினால் எங்கள் எட்டு வாரமும் அதிலேயே போயிருக்கும்.

உடைக்கும் கணக்கு

எம்பீரியம் மேல் மந்திரம் ஏறாது, சிறப்புத் திறன்களும் கிட்டத்தட்ட எதுவும் ஏறாது. சும்மா, சாதாரண அடி. அதனால் உடைக்கிறவருக்கு வேகம்தான் முக்கியம். க்ளாசிக்கில் அதன் உயிர் 68,430. ஆட்டத்தின் கணக்கில் அடிக்கும் வேகம் 190-இல் இருக்கும் ஒருவர் விநாடிக்கு 5 அடி அடிப்பார். அடிக்கு 500 என்று வைத்தால் விநாடிக்கு 2,500, அதாவது ஒருவர் தனியாக உடைக்க ஏறக்குறைய 27 விநாடி. இருவர் என்றால் 14, மூவர் என்றால் 9. ஒன்பது விநாடியில் எதிரி ப்ரீஸ்ட் “எம்ப்ல ஆள் இருக்கு” என்று டைப் அடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஒரே ஒரு சூப்பர் ப்ரேக்கரை வளர்ப்பதைவிட சுமாரான மூன்று பேர் மேல் என்று நான் ஏன் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும்.

எம்பீரியம் அளவில் சின்ன வகை, ஆகவே கத்தி, அதாவது டேகர் முழு அடி கொடுக்கும், வாள்களுக்கும் கட்டாருக்கும் கொஞ்சம் வெட்டு விழும். இதைவிட முக்கியம் அதன் தன்மை ஹோலி, அதாவது புனிதம், என்பது.

ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். ஒரு வாரம். கெஃபென் பக்கம் ஒரு கோட்டை, உள்ளே ஈ காக்கை இல்லை, சுண்டல் (தாம்பரத்துப் பையன், காலேஜ் மூன்றாம் வருஷம், எங்கள் தலைமை உடைப்பாளி) கல் முன்னால் நிற்கிறான். நாங்கள் அஞ்சு பேர் அவனைச் சுற்றி. புதிதாகச் சேர்ந்த ஒரு ப்ரீஸ்ட், பாவம், உதவி செய்வதாக நினைத்து அவன் ஆயுதத்தின் மேல் ஆஸ்பெர்சியோ போட்டுவிட்டார். ஆஸ்பெர்சியோ ஆயுதத்தை ஹோலியாக மாற்றும். ஹோலி மேல் ஹோலி அடித்தால் அடி பூஜ்யம். சுண்டல் விநாடிக்கு அஞ்சு அடி அடிக்கிறான், மிஸ், மிஸ், மிஸ் என்று திரை முழுக்க வருகிறது, “அண்ணா, கல்லு உடையல, ஹேக் பண்றாங்க அண்ணா” என்று கத்துகிறான், நான் ஹேக் என்றே நம்பி சர்வர் நிர்வாகத்துக்குப் புகார் எழுதத் தொடங்கிவிட்டேன். அதற்குள் வேறு கில்டு ஒன்று சாவகாசமாக உள்ளே வந்து எங்களைச் சாப்பிட்டது. மறுநாள் அக்காதான் கண்டுபிடித்தார். “ஏம்பா, யாரு அவனுக்கு ஆஸ்பெர்சியோ போட்டது?”

ஆகவே: உடைப்பவருக்கு ஆஸ்பெர்சியோ கூடாது. மாறாக, கர்ஸ்டு வாட்டர் தடவிக்கொண்டால் ஆயுதம் ஷேடோ ஆகும், அப்போது எம்பீரியத்துக்கு 25 சதவீதம் கூடுதலாக விழும். கூடவே வேகத்துக்கு பெர்சர்க் போஷன், அது குடிக்க முடியாத வகுப்பு என்றால் அவேக்கனிங். ஆளுக்கு மூன்று நாலு பாட்டில் கர்ஸ்டு வாட்டர் கொடுத்துவிடுங்கள், செத்து வந்தால் மறுபடி தடவ வேண்டியிருக்கும்.

வீட்டுப் பக்கம் செய்ய வேண்டியவை

இதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் எங்கள் தோல்விகளில் பாதி கோட்டைக்குள் நடக்கவில்லை, வேளச்சேரியில் நடந்தது.

முதலில் நேரம். நாங்கள் ஆடும் சர்வர் மணிலா நேரம், அங்கே இரவு 8 என்றால் நமக்கு மாலை 5:30. ஞாயிறு 5:30 முதல் 7:30 வரை போர். வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள், ஒளிக்காதீர்கள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் என்னைக் கூப்பிடாதீங்கம்மா, 7:30-க்கு மேல பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று நான் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றுவரை ஓடுகிறது. ஐபிஎல் சமயத்தில் ராத்திரி மேட்ச் 7:30-க்குத்தான் என்பதால் சிக்கல் இல்லை, ஞாயிறு மதியம் 3:30 மேட்ச் சேப்பாக்கத்தில் என்றால் மட்டும் நாலு பேர் வரமாட்டார்கள், அன்று போருக்குப் போகாமல் லெவல் ஏற்றப் போய்விடுவோம்.

அமெரிக்க சர்வரில் ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். பசிபிக் நேரம் சனி மாலை 6 என்பது அவர்கள் கோடையில் நமக்கு ஞாயிறு காலை 6:30, குளிர்காலத்தில் 7:30. இதை மறந்து ஒரு மணி நேரம் முன்னால் எழுந்து காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து பிங், அதாவது நம் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். இந்த ஒரு விஷயத்தில் சென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சிங்கப்பூருக்குப் போகும் கடலடி கேபிள் நம் கரையிலிருந்தே கிளம்புகிறது, 2002-இலிருந்தே இருக்கிறது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால் போய் வர 32 மில்லி செகண்டுதான் கணக்கு, நடுவே இருக்கிற ரவுட்டர் எல்லாம் சேர்ந்தாலும் நல்ல நாளில் ஐம்பதுக்குள் முடிந்துவிடும். டெல்லியில் இருக்கும் எங்கள் ஹண்டர் இதைக் கேட்டால் வயிறு எரிவார். ஆகவே சர்வர் தேர்ந்தெடுக்கும்போது தென்கிழக்கு ஆசியப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை வேண்டாம், கேபிளை நேராகச் செருகுங்கள். அந்த இரண்டு மணி நேரம் வீட்டில் டிவி பெட்டியில் படம் ஓடினால் அதையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம். கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருக்கும், ரவுட்டருக்கு இருக்காது, கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும், நெட் செத்துக் கிடக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் 12 வோல்ட் ரவுட்டருக்கென்றே கைக்கடக்கமான யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும்போது உங்கள் ரவுட்டர் அடாப்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் பின் பொருந்துகிறதா, ஆம்பியர் சரியா என்று அங்கேயே செருகிப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அப்போது உடைப்பாளி மூன்று பேரும் ஒரே ஏரியாவாக இருந்தால் மூன்று பேரும் ஒன்றாகக் காணாமல் போவார்கள். எங்களுக்குப் போனது. இப்போது ஒருவர் தாம்பரம், ஒருவர் அம்பத்தூர், ஒருவர் ஈப்போ.

போருக்கு முந்தைய அரை மணி

கில்டு ஸ்டோரேஜை, அதாவது கில்டின் பொதுக் கிடங்கை, ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறக்க முடியும். அதனால் 5:25-க்கு பதினாறு பேரும் போஷன் எடுக்க வந்தால் ரேஷன் கடை க்யூதான். “யார்ரா உள்ள, வெளிய வா” என்று அஞ்சு நிமிடம் கத்திவிட்டு அரைகுறையாகக் கிளம்புவோம். இப்போது சனிக்கிழமை ராத்திரியே அக்கா ஒவ்வொருவருக்கும் நேரில் கொடுத்துவிடுகிறார், ப்ரீஸ்ட்களுக்கு நீலக் கல் (செத்தவரை எழுப்பும் ரிசரக்ஷனுக்கு ஒன்று, அடியைத் தடுக்கும் சுவரான சேஃப்டி வாலுக்கு ஒன்று என்று கரைந்துகொண்டே இருக்கும்), மற்றவர்களுக்கு வெள்ளை போஷன். ஸ்டோரேஜ் அனுமதி இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் நாங்கள் எல்லாருக்கும் திறந்துவிட்டோம், திங்கட்கிழமை காலையில் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. யார் என்று தெரியும், சொல்லி என்ன ஆகப்போகிறது.

மூட்டையை நிரப்பும்போது எடையைப் பாருங்கள். பாதியைத் தாண்டினால் உயிர் தானாக ஏறாது, 90 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கவே முடியாது. பேராசைப்பட்டு போஷன் ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும் ஆள் ஒருவராவது ஒவ்வொரு வாரமும் இருப்பார்.

எந்த ஊர்க் கோட்டையோ அந்த ஊரில் கஃப்ரா என்ற சேவைப் பெண்ணிடம் சேவ் செய்துகொள்ளுங்கள், செத்தால் அங்கேதான் எழுவீர்கள். போரில் செத்தால் அனுபவப் புள்ளி குறையாது, ஆனால் நீங்கள் பயோனில் எழுந்து ஆல்டிபாரனுக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த இரண்டு மணி நேரம்

முதல் ஒன்றரை மணி நேரம் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாதீர்கள். இதைச் சொன்னால் பையன்களுக்குப் பிடிக்காது. அவர்களுக்குச் சண்டை வேண்டும். சரி, ஏதாவது ஒரு கோட்டையில் போய் அடித்துப் பழகட்டும், ஆனால் போஷன் பாதிக்குமேல் செலவாகக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். நீங்கள் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டை கைமாறும் ஒவ்வொரு முறையும் சர்வர் முழுக்க அறிவிப்பு வரும், எந்தக் கோட்டை, எந்தக் கில்டு என்று. எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு படம் கிடைக்கும்: எந்த ஐந்தாறு கோட்டைக்காகப் பெரியவர்கள் முட்டிக்கொள்கிறார்கள், எது ஆரம்பத்திலிருந்து பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறது. பெரிய கில்டுகள் மூன்று நாலு கோட்டையை வளைத்து வைத்துக்கொண்டு ஒன்றிரண்டில்தான் ஆள் நிறுத்துவார்கள். மிச்சத்தைக் காப்பது அவர்கள் பெயர் மட்டும்தான்.

அந்தப் பேச்சு மூச்சில்லாத கோட்டைக்கு வேவு பார்ப்பவரை அனுப்புங்கள். எங்கள் வேவுக்காரர் ஈப்போவில் இருக்கும் தமிழர், ஆட்டப் பெயர் ரசம், பேச்சில் கடைசியில் ஒரு லா வந்துவிடும். “ரெண்டு பேர் தான் லா, ஒருத்தன் தூங்குறான்” என்று வந்தால் அதுதான் எங்கள் கோட்டை. கோட்டைக்குள் டெலிபோர்ட் வேலை செய்யாது, எல்லாம் நடைதான், அதனால் வாசலிலிருந்து எம்பீரியம் வரை நடக்க எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் அவரை எண்ணச் சொல்லுங்கள்.

கடைசி 10 நிமிடத்தில் தலைவர் நாலு பேரோடு உள்ளே போக வேண்டும். பதினாறு பேராகப் போனால் வாசலில் நிற்கிற ஒரே காவலாளி அவன் கில்டு முழுவதையும் கூப்பிடுவான். நாலைந்து பேர் என்றால் தானே அடித்துவிடலாம் என்று நினைப்பான், நினைக்கட்டும். க்ரூசேடர், இரண்டு ப்ரீஸ்ட், சேஜ், ஒரு நைட். எம்பீரியம் அறையை எட்டியதும் எமர்ஜென்சி கால். பொத்தென்று மொத்த கில்டும் கல்லைச் சுற்றி விழும். உடைப்பாளிகள் கர்ஸ்டு வாட்டர் தடவ, விசார்ட்கள் அறையின் வாசல் பக்கம் ஸ்டார்ம் கஸ்ட் போட, ப்ரீஸ்ட்கள் உடைப்பாளிகளை மட்டும் பார்க்க. வேறு யார் செத்தாலும் எழுப்ப வேண்டாம், ஒன்பது விநாடிதானே.

எப்போது உடைப்பது என்பதுதான் கலை. ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது உடைத்தால் அவர்கள் திரும்பி வந்து அடித்துவிடுவார்கள், இரண்டு முறை பட்டிருக்கிறோம். பத்து விநாடியில் வைத்தால் சின்ன லேக் வந்தாலே போச்சு. எதிரி வெளியே தூக்கியெறியப்பட்டு, திரும்ப நடந்து கல்லை எட்ட ஆகும் நேரத்தை ரசம் எண்ணி வைத்திருக்கிறார் அல்லவா, அதைவிடக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருக்கும்போது. எங்களுக்கு அது 40 விநாடி. சர்வர் கடிகாரமும் உங்கள் ஃபோன் கடிகாரமும் ஒன்றாக இருக்காது, முந்தின வாரம் போர் முடிந்த அறிவிப்பு வந்தபோது ஃபோனில் என்ன மணி என்று விநாடியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ஸில் ஒருவர்தான் பேச வேண்டும். வார்த்தைகளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், தமிழிலேயே, சின்னதாக. எங்களுக்கு நாலே வார்த்தை: நில்லு, வா, உடை, விடு. “கொஞ்சம் லெஃப்ட்ல போய் அந்த விசார்டை யாராச்சும்” என்று தொடங்கினால் வாக்கியம் முடிவதற்குள் நாலு பேர் செத்துவிடுவார்கள். மரியாதை கிரியாதை எல்லாம் 7:30-க்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவே சொல்லிவிட்டார், அவருக்கும் “வா”தான், “வாங்க” இல்லை.

பதினோராவது ஞாயிறு 7:29-க்கு நான் “உடை” என்றபோது சுண்டல் வீட்டில் காலிங் பெல் அடித்தது. மைக் வழியாக எல்லாருக்கும் கேட்டது. அவன் அம்மா “டேய், யாரோ வந்திருக்காங்க பாருடா” என்கிறார், அவன் “ஒம்போது செகண்டும்மா!” என்கிறான். கல் உடைந்தது. 7:30. அறிவிப்பில் எங்கள் டீக்கடை பெயர். வந்தது கொரியர்க்காரர்.

பிடித்த பிறகு

கோட்டை கையில் இருந்தால் தினமும் புதையல் பெட்டிகள் வரும், ஒரிடிகான், எலுனியம் மாதிரி கனிமங்களும் இன்னும் பலதும் உள்ளே இருக்கும், கோட்டையின் பொருளாதாரத்தில் முதலீடு செய்தால் பெட்டி எண்ணிக்கை கூடும். சின்னக் கில்டு பெரிதாக முதலீடு செய்யாதீர்கள், அடுத்த வாரமே கை மாறினால் போட்ட பணம் புது முதலாளிக்கு. பெட்டி அறைக்குள் தலைவர் மட்டும்தான் போக முடியும், அதாவது திங்கள் முதல் ஞாயிறு வரை நீங்கள் தினமும் வர வேண்டும், ஆபீஸ் டூர் இருந்தால் அந்த வாரம் கோட்டை பிடிக்காமல் இருப்பதே மேல். பாஸ்வேர்டை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

பங்கு பிரிப்பதற்குக் கண்ணில் படும் ஒரு பட்டியல் வையுங்கள். தேதி, வந்த பொருள், விற்ற விலை, யாருக்கு எவ்வளவு. எங்கள் விதி: முதலில் ப்ரீஸ்ட்களின் நீலக் கல் செலவு, பிறகு அடுத்த வாரத்து போஷன், மிச்சம் வந்தவர்களுக்குச் சமமாக. வந்தவர்களுக்கு, அடித்தவர்களுக்கு இல்லை. சுண்டல் இன்னும் இதற்குச் சண்டை போடுகிறான், உடைத்தது நான்தானே அண்ணா என்று. அக்கா போட்ட சேஃப்டி வால்களின் எண்ணிக்கையை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.